பியானோ ரெகார்டுக்குச் சந்தனப் பொட்டு

போன ஞாயிற்றுக்கிழமை அணுசக்தி நகரிலிருந்து மாட்டுங்காவுக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் தன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டு ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நாலு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மிக்கல் அன்றைக்குத்தான் இறங்கியிருந்தது. சிரிக்காமல் என்ன செய்வது?

நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு மன்னிப்பு கேட்க வேண்டியிருக்கிறது.

இரண்டு மாதம் முன்பு இதே பக்கத்தில், "ஆபீஸ் தலைவலிக்கு மாத்திரையே வேண்டாம், ஒரு பியானோ கான்செர்ட்டோ போதும்" என்று எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? பியானோ கேள்வி கேட்கும், ஆர்க்கெஸ்ட்ரா பதில் சொல்லும், நான் உருகிப்போவேன் என்றெல்லாம்... அத்தனையும் அளப்பு. சுத்த அளப்பு! அந்தக் கேள்வி பதில் சமாசாரம் ஒரு ரெகார்டு உறையின் பின்பக்கத்தில் படித்தது. அன்றைக்கு உருகியது தட்டில் இருந்த ஐஸ்க்ரீம்தான்.

அந்த உறையும் ரெகார்டும் கோமதியுடையவை. கோமதி அணுசக்தி நகரில் விஞ்ஞானி. திருநெல்வேலிக்காரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, "நேரம் கிடைக்கல" என்பாள், ஏதோ ரேஷன் கார்டு வாங்கப் போகாதது மாதிரி. மூன்று வருஷம் முன்பு நான் இந்தப் பத்தியில் கதிர்வீச்சைப் பற்றி என்னவோ உளறி வைக்க, ஒரு போஸ்ட் கார்டு வந்தது. "நீங்கள் எழுதியதில் மூன்று தப்பு" என்று ஆரம்பித்து, நம்பர் போட்டு மூன்றையும் விளக்கியிருந்தாள். நான் பதில் எழுதினேன். அவள் வீட்டுக்கு வரச் சொன்னாள். அன்றிலிருந்து மாதத்துக்கு ஒரு ஞாயிறு அவள் ஃபிளாட்டில்தான்.

பம்பாயில் எனக்குத் தெரிந்தவர்கள் நூறு பேர் உண்டு. ஆபீசில் உண்டு, ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மென்டில் உண்டு. ஆனால் சிநேகிதி என்றால் கோமதி ஒருத்திதான். அவள் வீட்டில் நான் யாருக்கும் காபி கலக்க வேண்டாம், யார் யூனிஃபாரத்தையும் தேட வேண்டாம். அவள் ரெகார்டைப் போடுவாள். நான் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். ரசிக்கிறேன் என்று அவள் நினைத்துக்கொள்வாள் என்று நான் நினைத்துக்கொள்வேன். பெரும்பாலும் தூங்கிவிடுவேன்.

நவராத்திரி நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு ரெகார்டை எடுத்து என் மடியில் வைத்தாள். ஜப்பானில் அச்சடித்தது. ஒரு கான்ஃபரன்சுக்குப் போனபோது வாங்கி, விமானத்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாளாம். ஒரு பெரிய பியானோக்காரர் எப்போதோ வாசித்த புகழ்பெற்ற கான்செர்ட்டோ. அப்போது பதிவு செய்த டேப்பைத் தோண்டி எடுத்து, பாதி வேகத்தில் ஓடவிட்டு, நிதானமாகக் கோடு வெட்டி, கனமான தட்டில் மறுபடி போட்டிருக்கிறார்கள்.

"பழசுல கேக்காததெல்லாம் இதுல கேக்கும். நீங்கதான் அவ்வளவு ரசிச்சு எழுதுதீங்களே... ஒரு வாரம் வச்சுக் கேளுங்க. ஆனா புது ஊசி போடணும். ஓரத்தைத்தான் பிடிக்கணும். துணியால துடைக்கக் கூடாது. நிக்க வச்சுத்தான் வைக்கணும். அடுத்த ஞாயித்துக்கிழமை எனக்கு வந்துரணும்" என்றாள்.

நான் தலையாட்டினேன். மறுக்க முடியுமா? மறுத்தால் அளப்பு வெளியே வந்துவிடுமே!

இன்னொரு விஷயமும் எனக்குத் தெரியும். அவளோடு வேலை பார்க்கும் ஒருத்தி முன்பு வேறொரு ரெகார்டைக் கடன் வாங்கிப் போய்க் கீறலோடு திருப்பித் தந்தாள். தந்தது மட்டுமில்லை, "அப்பவே அப்படித்தான் இருந்தது" என்றும் சொல்லிவிட்டாள். இன்றைக்கும் இரண்டு பேரும் ஒரே ஸ்டாஃப் பஸ்ஸில்தான் போகிறார்கள். ஒருத்தி முன் சீட்டு, ஒருத்தி கடைசி சீட்டு. பத்து வருஷச் சிநேகிதம் அது. என்னுடையது மூன்று வருஷம்தான்.

திங்கட்கிழமையே தாராவிக்குப் போய் ஷாகுல் பாயிடம் புது ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். ரேடியோ, ரெகார்டு பிளேயர் ரிப்பேரில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ரெகார்டை ஷெல்ஃபில் நிற்க வைத்தேன். "இதை யாரும் தொடக் கூடாது" என்று வீட்டில் மூன்று பாஷையில் அறிவித்தேன். என் பெண் வித்யாவுக்குத் தமிழை விட ஹிந்தி சீக்கிரம் ஏறும் என்பதால்.

புதன்கிழமை சரஸ்வதி பூஜை.

இங்கே என் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் பூஜை என் டிபார்ட்மென்ட் இல்லை. அவருடையது. இன்ஜினீயர். எதையும் முழுசாகச் செய்தாக வேண்டும். ஆயுத பூஜை என்றால் ஸ்கூட்டர், டைப்ரைட்டர், இஸ்திரிப் பெட்டி, ஸ்க்ரூ டிரைவர் வரைக்கும் சந்தனம் குங்குமம் இட்டுவிடுவார். ஒரு வருஷம் என் மூக்குக் கண்ணாடியை எடுத்து வைத்துவிட்டார். "படிக்கிற சாமான்தானே?" பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி வரை தொடக் கூடாதே... ஒரு நாள் பூராவும் தடவித் தடவி நடந்தேன்.

அன்று எனக்கு ஆபீஸ். பம்பாயில் மறுநாள் தசராவுக்குத்தானே லீவு? அவர் லீவு போட்டிருந்தார். சாயங்காலம் ஆறரை மணிக்குச் செருப்பைக் கழற்றிக்கொண்டே பூஜை மூலையைப் பார்த்தேன்.

புத்தகங்கள் அடுக்கியிருந்தன. வித்யாவின் கணக்கு நோட்டு, என் டைப்ரைட்டர், அவருடைய ஸ்லைடு ரூல். எல்லாவற்றுக்கும் உச்சியில், உறை இல்லாமல், மொட்டையாக, கோமதியின் ரெகார்டு! நடு லேபிளில் தடியாக ஒரு சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம். கறுப்புத் தட்டு பூராவும் அட்சதை. ஓரமாக ஒரு சாமந்திப் பூ.

"ஏன்னா... இது என்ன?"

"நன்னாயிருக்கோல்லியோ? சங்கீதமும் சரஸ்வதிதானே! நம்மாத்துல வீணையா இருக்கு வெக்கறதுக்கு?"

"உறைக்குள்ளே இருந்ததே!"

"அந்தப் பிளாஸ்டிக்கில் சந்தனம் ஒட்டலைடி. வழிஞ்சுண்டே வந்தது. அதான் தட்டை எடுத்து வெச்சேன். கவலைப்படாதே, ஓரத்தைப் பிடிச்சுத்தான் எடுத்தேன்."

ஓரத்தைப் பிடித்தாராம்! பாய்ந்து எடுக்கப் போனேன். கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"இன்னிக்குத் தொடப்படாது. நாளைக்குக் காலம்பற புனர் பூஜை ஆனப்புறம்தான்."

"இது நம்ம ரெகார்டு இல்லை. கோமதியோடது!"

"அவா ரெகார்டா இருந்தா என்ன, சரஸ்வதி எல்லாருக்கும் பொதுதானே?"

வித்யா கதவோரம் நின்று, "சுண்டலை மட்டும் ஏம்ப்பா அது மேலே வெக்கலை?" என்றாள். அவளை முறைத்தேன். மிச்ச நேரமெல்லாம் அந்த அரிசி மணிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அட்சதை முனை எவ்வளவு கூர்மை என்று உங்களுக்குத் தெரியுமா? அன்றைக்கு வரை எனக்கும் தெரியாது.

மறுநாள் காலை புனர் பூஜை முடிந்தது. வழக்கப்படி ஒவ்வொருவரும் அவரவர் பொருளைக் கொஞ்சமாவது உபயோகிக்க வேண்டும். வித்யா ஹிந்தி புத்தகத்திலிருந்து இரண்டு வரி வாசித்தாள். அவர் என் டைப்ரைட்டரைத் தனதாக்கிக்கொண்டு தன் பெயரை அடித்தார். "நீ ரெகார்டைப் போடு" என்றார்.

பூவை எடுத்தேன். அட்சதையை வாயால் ஊதினேன். லேபிளில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. சுரண்டப் பயந்து விட்டுவிட்டேன். ஊசியை இறக்கினேன்.

முதல் பகுதி நன்றாகவே போயிற்று. எங்கள் பழைய பெட்டியிலேயே அப்படி ஒரு சத்தம்! சரஸ்வதியே காப்பாற்றிவிட்டாள் என்று மூச்சு விட்டேன். இரண்டாம் பகுதி. மெதுவான பகுதி. புல்லாங்குழல் ஒன்று தனியாக வாசித்து ஓய்கிறது. பியானோ தயங்கித் தயங்கி வருகிறது...

கிறீச்.

பெட்டிப் பக்கம் குனிந்தேன். நாலைந்து ஸ்வரம் தாண்டி இன்னொரு தடவை... கிறீ...ச். அதோடு கூடவே 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். முனகலைக் கீழ் வீட்டு மிக்ஸி என்று தள்ளிவிட்டேன். ஆனால் அந்தக் கிறீச்? அது ரெகார்டுக்குள்ளிருந்துதான் வந்தது.

மறுபடி போட்டேன். அதே இடம், அதே கிறீச். ஊசியைத் துடைத்துப் போட்டேன். கிறீச். ஃபேனை நிறுத்திவிட்டுப் போட்டேன். கிறீச். அன்றைக்கு மட்டும் இருபது தடவை இருக்கும்.

"அம்மா, பஸ் கரோ, போதும்! எனக்கே பாட்டு மனப்பாடம் ஆயிடுச்சு" என்று வித்யா காதைப் பொத்திக்கொண்டாள்.

கணவர் முகம் சின்னதாகிவிட்டது. வருத்தப்பட்டால் அவர் யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார். "பேசாம குடுத்துடு. எங்கேயோ நடுவுல ஒரு சின்னச் சத்தம். அவா கவனிக்கவே மாட்டா."

நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், எனக்கும் அந்த யோசனை வந்தது. அவர் சொல்வதற்கு முன்னாலேயே வந்தது.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டதும் ரெகார்டை உறையோடு வேஷ்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். ஷாகுல் பாய் கடை ஒரு அலமாரி அளவுதான் இருக்கும். விஷயத்தைக் கேட்டதும், கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்வார்களே, அந்தக் கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு தட்டை விளக்குக்கு நேரே பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"ஏக்தம் கிளீனா இருக்கும்மா. ஒரு கீறலும் கெடையாது. நடுவுல என்ன, பொட்டு வச்சிருக்கீக?"

"அது... பூஜை."

"சரி, சரி. தட்டை ஓட்டிப் பாப்போம்."

தன் பிளேயரில் போட்டார். இரண்டு பேரும் தலையைக் குனிந்து காத்திருந்தோம். புல்லாங்குழல்... பியானோ... கிறீச்.

"இந்தா, கேட்டீங்களா?"

அவர் தலையைச் சாய்த்தார். "மரம் முனகுத சத்தமில்லா இது? நாற்காலி சத்தம் மாதிரி..."

"உங்க ஸ்டூல்தான் ஆடுது பாய்."

எழுந்து நின்றார். ஸ்டூலைத் தூக்கி வெளியே வைத்தார். நானும் பெஞ்சை விட்டு எழுந்து நின்றேன். தாராவி மெயின் ரோட்டில் லாரியும் கைவண்டியும் கத்திக்கொண்டு போக, இரண்டு பேரும் தேசிய கீதத்துக்கு நிற்பது போல் நின்று பியானோ கேட்டோம். கிறீச்.

"கீறல்னா சுத்துக்கு ஒருக்கா டிக் டிக்குனு அடிக்கணும். இது ரெண்டே வாட்டி முனகிட்டு சும்மா கெடக்கு. தட்டுல தப்பு இல்லம்மா. சத்தமும் இருக்கு. எனக்கு வெளங்கல" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அவர் சொன்னதில் பதில் இருந்தது. பயந்துபோன மூளைக்கு அது ஏறுமா? கண்ணுக்குத் தெரியாத கீறல், அட்சதையின் சாபம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

சனிக்கிழமை மறுபடி போட்டேன். எதற்கு என்று தெரியவில்லை. புண்ணைத் தொட்டுப் பார்க்கிற புத்திதான். கிறீச் எப்போது வரும் என்று காத்திருந்ததால், அதற்கு முன்னால் வருகிற ஒவ்வொரு ஸ்வரமும் எனக்குத் தெரிந்துபோயிற்று. புல்லாங்குழல் எங்கே மூச்சு வாங்குகிறது, பியானோ எங்கே சொல்ல வந்ததைச் சொல்லாமல் நிறுத்துகிறது, பின்னாலிருந்து வயலின்கள் எப்படி மெதுவாக வந்து தாங்கிக்கொள்கின்றன... ஒரு இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரெகார்டு போயிற்றே என்ற அழுகை என்று நினைத்தேன். இல்லை. அது பாட்டுக்கு அழுத அழுகை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது கணவர் ஒரு டப்பாவில் சுண்டல் கொடுத்தனுப்பினார். புதிதாகச் செய்தாராம். அபராதம்!

செம்பூர் தாண்டும் வரை பஸ்ஸில் ஒத்திகை பார்த்தேன். ஊசி சரியில்லை என்று சொல்லலாமா? பாவம், ஷாகுல் பாய். ஜப்பான்காரன் அச்சில் கோளாறு என்று சொன்னால்? கீறலோடு திருப்பித் தந்த அந்தக் கடைசி சீட்டுக்காரி சொன்னதும் அதைத்தானே... காலனி கேட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடும்போதும் ஒத்திகை முடியவில்லை.

கோமதி கதவைத் திறந்தாள். "என்ன எழுத்தாளரம்மா, மூஞ்சி இப்படி இருக்கு?"

நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சந்தனம், குங்குமம், அட்சதை, சாமந்திப் பூ. இரண்டாம் பகுதியில் புல்லாங்குழல் முடிந்து பியானோ வந்ததும் ஒரு கிறீச், நாலைந்து ஸ்வரம் தள்ளி இன்னொன்று. "நான் கெடுத்துட்டேன் கோமதி. எங்காத்துலதான் கெட்டது. நீ கொடுக்கும்போது நன்னாத்தான் இருந்தது" என்று சொல்லி மூட்டையை நீட்டினேன்.

அவள் வாங்கிக்கொண்டாள். வேஷ்டியைப் பிரித்து, உறையிலிருந்து தட்டை எடுத்தாள். லேபிளில் இருந்த பொட்டைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தட்டைச் சுற்றவிட்டு, ஊசியை நேராக இரண்டாம் பகுதியில் இறக்கினாள். நான் சோபா நுனியில் உட்கார்ந்தேன். அந்த சோபாவில் நான் சாயாமல் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

புல்லாங்குழல். பியானோ. கிறீச்.

அவள் ஸ்பீக்கர் பெட்டிகளில் அது இன்னும் தெளிவாக, அறைக்குள்ளேயே கேட்டது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"இதையா சொல்லுதீங்க?"

"ஆமாம்."

"அடுத்ததும் கேட்டுச்சா?"

"அதுவும்தான்."

கண்ணைத் திறந்தேன். கோமதி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிப்பா, அழுகையா, எனக்குப் புரியவில்லை.

"அது கீறல் இல்ல. அந்த மனுசன் உக்காந்திருக்க ஸ்டூல்!"

"என்னது?"

"வாசிக்கிறவர் ஸ்டூல். மெதுவா வாசிக்கணும்னு முன்னால சாயுதாரு, ஸ்டூல் முனகுது. எங்கிட்ட காலேஜ் காலத்துலேர்ந்து இதோட பழைய ரெகார்டு இருக்கு. அதுல இது கேக்கவே கேக்காது. இந்தப் புதுசுலதான் டேப்புல உள்ளது அத்தனையும் மேல வந்திருக்கு. நான்தான் அன்னைக்கே சொன்னேன்லா?"

சொன்னாள்தான். நான்தான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்போ 'ம்ம்ம்'னு ஒரு முனகல்... கீழ் வீட்டு மிக்ஸின்னு நினைச்சேனே!"

"அய்யோ, அதையும் கேட்டீங்களா? அது அவரு முணுமுணுக்கிறது!"

இப்போது வெளிப்படையாகவே சிரித்தாள். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. சோபாவில் அப்படியே சரிந்துவிட்டேன். கை, கால், முதுகு என்று ஒவ்வொன்றாக விடுதலையாகி வருவதை உணர முடிந்தது. ரெகார்டு போகவில்லை. கோமதி போகவில்லை. அட்சதை நிரபராதி. என் கணவரும் நிரபராதி. அதை மட்டும் உடனே அவரிடம் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றியது.

காபி கலந்துகொண்டே கோமதி சொன்னாள்: "மூணு பேருக்கு இதைப் போட்டுக் காமிச்சிருக்கேன். எல்லாரும் 'சூப்பர்ப், சூப்பர்ப்'னாங்க. ஒருத்தருக்கும் ஸ்டூல் கேக்கல. எனக்கு மட்டும்தான் கேக்குதோன்னு சந்தேகமே வந்துட்டு. நீங்கதான் மொத ஆளு."

அப்போதாவது பேசாமல் பெருமையை வாங்கிக்கொண்டிருக்கலாம். ஒரு தடவை உண்மை பேசினால் அந்தப் பழக்கம் கொஞ்ச நேரம் நிற்கிறது போலும். "ரசிச்சுக் கேக்கலை கோமதி. பயந்து கேட்டேன். பத்தியில் எழுதினதெல்லாம் அளப்பு."

"தெரியும்."

"தெரியுமா?"

"மூணு வருசமா இந்த சோபாவுல நீங்க தூங்குறதைப் பாக்கேன். லேசாக் குறட்டை வேற. அந்தப் பத்தியப் படிச்சு சிரிச்சு சிரிச்சுப் புரையேறிட்டு. அதான் ஒரு தடவையாவது கேக்கட்டும்னு குடுத்துவிட்டேன்."

மானம் கப்பலேறியது. ஏறட்டும் என்றிருந்தது. என்ன ஒரு நிம்மதி!

"பயந்து கேட்டா என்ன? கேட்டீங்கல்லா" என்றாள். சுண்டலை ஒரு கை அள்ளிக்கொண்டாள். பிறகு ரெகார்டை உறையில் போடும்போது லேபிளைப் பார்த்தாள். கோமதிக்குக் கோயில் குளம் எதுவும் கிடையாது. துணி எடுப்பாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. பொட்டோடு அப்படியே உள்ளே வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து வேறொரு ரெகார்டை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"இதுலயும் ஒண்ணு இருக்கு. என்னன்னு சொல்ல மாட்டேன்" என்றாள்.

பஸ்ஸில் ஏன் சிரித்தேன் என்று இப்போது புரிகிறதல்லவா?

வீட்டுக்கு வந்ததும் கணவர் கதவிலேயே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ... பார்க்கவே பாவமாக இருந்தது. மறைக்க மனசு வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டூல், முனகல், மூன்று பேருக்குக் கேட்காதது எனக்குக் கேட்டது, எல்லாம். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. கடைசியில் மெதுவாகப் பூஜை மூலைப் பக்கம் கையைக் காட்டினார்.

"மூணு வருஷமா உனக்குக் கேக்கலை. பூஜையில் வெச்ச மறுநாள் கேட்டுது. நான் ஒண்ணும் சொல்லலை. நீயே யோசி!"

யோசித்துக்கொண்டிருக்கிறேன். புது ரெகார்டு அதற்குள் சந்தனப் பொட்டோடு நிற்கிறது. உறையில் மட்டும்தான்; இது அட்டை உறை, சந்தனம் ஒட்டுகிறது. இந்தத் தடவை வைத்தது நான்.